தாயைக் காட்டுங்க

முதல் குட்டி ஆறு நாள் இருந்தது.
வியாழன் வந்தது, புதன் போனது.
போனில் படம் பார்த்து, ஜீபேயில் பணம் போட்டு,
பிஸ்கெட் அட்டைப்பெட்டியில் பைக்கில் வந்த குட்டி.
ஐந்தாம் நாள் ரத்தமாய்ப் போனது.
டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு
தடுப்பூசி அட்டையை விளக்கடியில் பிடித்தார்.
"இந்தக் கையெழுத்து யாருதுங்க?"
எனக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்திருந்தது விலை மட்டும்.

இத்தனைக்கும் நான்
திருப்பூரில் பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங்கில் இருக்கிறவள்.
நாளைக்கு ஆயிரம் பனியனை வெளிச்சத்தில் விரித்து
ஓட்டை தேடுகிறவள்.
நூல் எந்த மில், சாயம் எந்தப் பட்டறை,
லாட் நம்பர் என்ன என்று கேட்காமல்
ஒரு பீஸையும் தாண்டவிட்டதில்லை.
எங்கள் பக்கம் மாடு பிடிக்கப் போனால்
பல்லைப் பார்ப்போம், சுழியைப் பார்ப்போம்,
தாய் எத்தனை லிட்டர் கறந்தது என்று கேட்போம்.
பொண்ணு பார்க்கப் போனால்
கேட்காத கேள்வியே கிடையாது.
நாய்க்கு மட்டும் ஒரு படம் போதுமாக இருந்தது.

அட்டையில் இருந்த விலாசத்துக்கு
நவநீதனோடு போனேன். பல்லடம் தாண்டி
பழைய பிராய்லர் கொட்டகை. போர்டில்
கோழிப்படம் இன்னும் அழியவில்லை.
"லேப் வேணுமுங்களா, பக் வேணுமுங்களா?
ஹஸ்கியும் இருக்குதுங்க, ஏசி மட்டும் வெச்சுக்கோணும்."
தாயைக் காட்டுங்க என்றேன்.
"அது தோட்டத்துல இருக்குதுங்க."
தோட்டத்துக்குப் போலாங்க.
"கடிக்குமுங்க."
எட்ட நின்னு பாக்கறேன்.
அவர் போனைக் காதில் வைத்தார்,
மணி அடிக்காமலே.

கொட்டகைக் கோடியில் தார்ப்பாய் அசைந்தது.
காற்று இல்லை.
அடியில் ஒரு மூக்கு. பிறகு
தரையைத் தொட்டுத் தொங்கும் மடி.
கம்பிமேல் நின்று நின்று
விரல் அகன்றுபோன பாதம்.
எத்தனையாவது ஈத்து என்று
நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

முன்கூண்டில் ஒரு குட்டி என் விரலை நக்கியது.
"இதையாவது காப்பாத்திரலாம்" என்றான் நவநீதன்.
எனக்கும் ஆசைதான்.
எடுத்தால் இந்தக் கூண்டு காலியாகும்.
காலியான கூண்டுக்கு
அவள் மறுபடி ஈன வேண்டும்.
விரலை எடுத்துக்கொண்டேன்.
அதைப் போலக் கஷ்டமான காரியம்
அந்த வருஷம் வேறு செய்யவில்லை.
வெளியே தென்னையடியில் நின்று
கால்நடைத் துறைக்குப் போன் போட்டேன்.
எழுதிக்கொண்டார்களா, தெரியாது.

பிறகு மூன்று மாசம் எங்கும் போகவில்லை.

ஊதியூர்ப் பக்கம் மாவு மில் வைத்திருக்கும் சாந்தலட்சுமியிடம்
நாட்டுநாய் குட்டி போட்டிருப்பதாக
எங்கள் பேக்கிங் பெண் சொன்னாள்.
நான் வாயைத் திறக்குமுன்
வாசற்படியில் கிடந்த தாய் எழுந்து வந்து
காதெல்லாம் கம்புமாவோடு
என் முழங்காலை மோந்து பார்த்தது.
அதற்குப் பின்னால் சாந்தலட்சுமி.
"வாடகை வீடுங்களா? ஓனர் சரீன்னுட்டாருங்களா?
ரெண்டு பேரும் வேலைக்குப் போனா பகல்ல யாரு?
தீவாளி வெடிக்கு எங்க வெச்சுக்குவீங்க?
ஒத்துவரலீன்னா என்ன பண்ணுவீங்க?
ரோட்டுல உடக் கூடாது,
இங்கயேதான் கொண்டாரோணும்."

முதல் தடவையாக ஒருத்தி
என்னை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தாள்.
பகல் பத்து மணி நேரம் என்ற ஓட்டை
இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"கண்ணே இப்பத்தான் தெறக்குதுங்க.
பகலுக்கு ஆள் பாத்துட்டு
ரெண்டு மாசம் கழிச்சு வாங்க.
வந்தாலும் குடுப்பேன்னு சொல்ல மாட்டேன்."
பணம் நீட்டினேன். அட்வான்ஸ் வாங்கவில்லை.
டீ வைத்துக் கொடுத்தாள்.

காங்கயம் பஸ்ஸில் பார்த்தேன்,
முழங்காலில் வெள்ளையாய் ஒரு மூக்குத்தடம்.
கறை என்றால் தனியே ஒதுக்குகிற கை,
இறங்கும்வரை தட்டிவிடவில்லை.

ஷிப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.
மேனேஜர் யோசித்துச் சொல்கிறாராம்.